மாட்டுத்தாவணி பக்கம் நடக்கும் சாலை வடிவமைப்பு வகுப்பு: செங்குத்து வளைவை ஒழுங்காகப் படிக்க ஓர் இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைட்டில் லெவல் (தரையின் உயர அளவு) எடுக்கிறவர்கள், சாலை டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு வேலை வாங்குகிறவர்கள், சிவில் முடித்துவிட்டு ஹைவே பக்கம் போகலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள், இவர்கள் எல்லாரும் தயங்காமல் இந்த வகுப்பில் சேரலாம். உதவிப் பொறியாளர் தேர்வுக்கு சூத்திரங்களை வேகமாக மனப்பாடம் பண்ண வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். அதற்கு மதுரையில் வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

நெடுஞ்சாலை வேலையிலேயே வயதைக் கழித்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி அறையில் சனி, ஞாயிறுகளில் நடத்துகிறார். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் வருகிற கூட்டம்தான். பெயரும் எண்ணும் இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. கட்டணம் 4,500 ரூபாய், நோட்ஸ் ஜெராக்ஸ் செலவு அதில் சேர்த்தி.

சாலை இடமும் வலமும் திரும்புகிற வளைவைப் பற்றி எல்லாக் கல்லூரியிலும் ஓரளவு சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஏற்றமும் இறக்கமும் சந்திக்கிற இடத்தில் போடுகிற வளைவு, அதாவது வெர்டிகல் கர்வ், பெரும்பாலும் இரண்டு சூத்திரம், ஒரு கணக்கு என்று முடிந்துபோகும். மேடாக வந்தால் சம்மிட் கர்வ், பள்ளமாக வந்தால் வேலி கர்வ், பரீட்சையில் ஒரு கேள்வி, அவ்வளவுதான். இவர் பாடத்தின் நடுவே தூக்கி வைப்பது அதைத்தான், அதற்கு அவர் சொல்கிற காரணமும் நம்ம ஊருக்கே உரியது.

மதுரையைச் சுற்றி ஊர் சமதளம், செங்குத்து வளைவெல்லாம் கொடைக்கானல் ரோட்டுக்கும் சிறுமலை ரோட்டுக்கும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் முதல் வகுப்பிலேயே அந்த எண்ணத்தை உடைத்துவிடுகிறார். சமதளமான ஊரில்தான் சாலை திடீரென்று ஏறி இறங்குகிறது. பெரியாறு கால்வாய் குறுக்கே வந்தால் பாலத்துக்காக ஏற வேண்டும். ரயில்பாதை வந்தால் மேலேயோ கீழேயோ போக வேண்டும். வைகை வந்தால் பாலம். கண்மாய் வந்தால் கரை. மலையில் ஏற்றம் கிலோமீட்டர் கணக்கில் தொடரும், ஓட்டுகிறவனும் எச்சரிக்கையோடு இருப்பான். இங்கே நூறு மீட்டருக்குள் ஏறி, உச்சி தாண்டி, இறங்கி முடிந்துவிடும், வண்டியும் வேகம் குறைக்காமலே வரும். "மலையில பயந்து ஓட்டுறான் தம்பி, கால்வாய்ப் பாலத்துல யாரு பயப்படுறா?" என்று கேட்டார். வகுப்பு முழுக்க இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மேலூர் பக்கம் கூட்டிக்கொண்டு போன காலை. கால்வாய்க் கிளை ஒன்றைத் தாண்டுகிற ஊராட்சிச் சாலை, வண்டி நடமாட்டம் குறைவு, இரண்டு பக்கமும் சிவப்புக் கொடியோடு ஆட்களை நிறுத்திவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார். கையில் இரண்டே சாமான்: 1.2 மீட்டர் உயரத்துக்கு வெட்டிய ஒரு குச்சி, 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு அறுத்து மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு மரக்கட்டை. காரில் உட்கார்ந்திருப்பவனின் கண் 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், சாலையில் கிடக்கிற தடை 0.15 மீட்டர் உயரம் என்றும்தான் சாலை வடிவமைப்பு விதிகளை வகுக்கிற அமைப்பான நம் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிகள் எடுத்துக்கொள்கின்றன. ஒருத்தர் குச்சியின் உயரத்துக்குக் குனிந்து பார்க்க, இன்னொருத்தர் கட்டையைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தரையில் வைத்து வைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கட்டை கண்ணிலிருந்து மறைகிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நாடா பிடித்து அளக்க வேண்டும்.

உயரம் அளக்கிற கருவியான ஆட்டோ லெவலை வைத்து எடுத்துப் பார்த்ததில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 5 சதவீதச் சாய்வு, உச்சியில் வளைவு 20 மீட்டர் வாக்கில் இருந்தது. கணக்கு போட்டால், ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து சாய்வு வித்தியாசம் 0.10, வளைவின் நீளம் பார்வைத் தூரத்தைவிடக் குறைவு, ஆகவே நீளம் = 2 × தூரம் − 4.4 ÷ வித்தியாசம். தூரம் 32 மீட்டர் என்று வருகிறது. நாடாவில் வந்ததும் அதை ஒட்டித்தான். பிரேக் போட்டு நிற்கத் தேவையான பார்வைத் தூரம் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு 30 மீட்டர், 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 80 மீட்டர். அதாவது அந்தப் பாலத்தில் 30-க்கு மேல் போகிற எந்த வண்டிக்கும், உச்சிக்கு அப்பால் ஒரு கல் கிடந்தால் நிற்க இடம் போதாது. நாங்கள் அங்கே நின்ற நேரத்தில் போன பைக்குகளில் பாதி 30-ஐத் தாண்டித்தான் போயின. அதற்கப்புறம் அந்தச் சூத்திரம் யாருக்கும் மறக்கப்போவதில்லை.

அந்த 4.4 எங்கிருந்து வருகிறது என்று கல்லூரியில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இவர் அங்கேயே, மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினார். கண் உயரத்தை இரட்டித்தால் 2.4, அதன் வர்க்கமூலம் 1.549. தடையின் உயரத்தை இரட்டித்தால் 0.3, அதன் வர்க்கமூலம் 0.548. கூட்டினால் 2.097, வர்க்கப்படுத்தினால் 4.4. முந்திச் செல்லும் பார்வைக்கு எதிரே வருவதும் ஒரு வண்டி, அதன் உயரமும் 1.2 என்று வைத்தால் அதே வழியில் 9.6 வரும். அந்த இரண்டு எண்ணும் கையில் இருந்த குச்சியும் கட்டையும்தான் என்று புரிந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற பையன் "அட, இவ்வளவுதானா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டான்.

திரும்பி வந்து அறையில் போட்ட கணக்குகளும் அதே போக்கில்தான். ஒரு மேம்பாலம், இரண்டு பக்கமும் 30-க்கு 1 சாய்வு, அதாவது 3.33 சதவீதம், வித்தியாசம் 0.0667. இங்கே வளைவு பார்வைத் தூரத்தைவிட நீளம், ஆகவே நீளம் = வித்தியாசம் × தூரத்தின் வர்க்கம் ÷ 4.4. வேகம் 65 என்றால் பார்வைத் தூரம் 90 மீட்டர், வளைவின் நீளம் 123 மீட்டர். வேகம் 80 என்றால் தூரம் 120, நீளம் 218. வேகம் 100 என்றால் தூரம் 180, நீளம் 491. சாய்வு மாறவில்லை, வேகம் மட்டும்தான் 65-லிருந்து 100 ஆனது, நீளம் நான்கு மடங்கு. தூரம் வர்க்கமாக வருவதன் விளைவை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 100-இல் ஓட்டுகிறவன் ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள், அந்த 2.5 வினாடியில், 70 மீட்டர் போயிருப்பான், அதற்குமேல் வண்டி நிற்க இன்னும் 112 மீட்டர் என்று பிரித்துச் சொல்லி, 180 எங்கிருந்து வந்தது என்பதையும் காட்டினார். நான்குவழிச் சாலை கையேட்டில் 100-க்கு 180 குறைந்தபட்சம், முடிந்தால் 360 கொடு என்று இருக்கிறது. 360-க்கு, எதிரே வருகிற வண்டிக்கான 9.6 வைத்து, போட்டால் அதே இடத்தில் வளைவு 900 மீட்டர். அந்த 900-க்கு எவ்வளவு மண் நிரப்ப வேண்டும், எத்தனை வீட்டு வாசல் ரோட்டுக்குக் கீழே போகும், மண்ணைத் தாங்குகிற ரிட்டெய்னிங் வால் எங்கே தொடங்கும் என்று எங்களையே சொல்லச் சொன்னார். வடிவமைப்பு என்பது இந்த இழுபறிதான் என்பது அங்கேதான் மண்டையில் ஏறியது.

வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்தார், நத்தம் சாலை மேம்பாலத்தில் போய்விட்டு வரச் சொன்னார். 7.3 கிலோமீட்டர் நீளம், தல்லாகுளம் பக்கம் ஏறினால் செட்டிகுளத்தில் இறங்கலாம், 2023-இல் திறந்தது, மதுரைக்காரர்கள் எல்லாரும் போய்வந்திருப்பார்கள். ஓட்டுகிறவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எந்த இடத்தில் முன்னால் போகிற வண்டியின் டயர் மறைகிறது, எந்த இடத்தில் வயிறு லேசாகத் தூக்குகிறது, எந்த இடத்தில் உடம்பு சீட்டில் அழுந்துகிறது என்று மட்டும் குறித்துவர வேண்டும். அந்தப் பாலத்தின் சாய்வு எண்களை அவர் தரவில்லை, அதைப் பற்றித் தீர்ப்பும் சொல்லவில்லை. உடம்பில் படுகிற மாற்றத்துக்கும் தாளில் இருக்கிற வளைவுக்கும் தொடர்பு தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். உச்சியில் தூக்குவதும் பள்ளத்தில் அழுத்துவதும் மையவிலக்கு விசையின் வேலை. உச்சியில் அது புவியீர்ப்புக்கு எதிராகப் போவதால் சுமை குறைகிறது, பள்ளத்தில் இரண்டும் ஒரே திசையில் சேர்வதால் ஸ்பிரிங்கும் முதுகும் வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் சம்மிட் கர்வுக்குப் பார்வை மட்டும் போதும், வேலி கர்வுக்கு சொகுசையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

வேலி கர்வ் கணக்கில் எல்லாரும் தடுக்கி விழுகிற ஒரு இடத்தை அவர் சுட்டிக்காட்டிய விதமும் நன்றாக இருந்தது. சமமான சாலை, அங்கிருந்து 3.33 சதவீதம் ஏறுகிறது, வேகம் 80. இரவில் ஹெட்லைட் வெளிச்சம் எவ்வளவு தூரம் விழுகிறதோ அவ்வளவுதான் பார்வை. விளக்கு 0.75 மீட்டர் உயரத்தில், ஒரு டிகிரி மேல்நோக்கி என்று எடுத்துக்கொண்டு வருகிற சூத்திரத்தில் 120 மீட்டரைப் போட்டால் பின்னத்தின் கீழ் எண் 5.7, வளைவு நீளம் 84 மீட்டர் என்று வரும். பெரும்பாலானவர்கள் அங்கேயே கோடு போட்டு விடையை எழுதிவிடுவார்கள். அந்தச் சூத்திரம் வளைவு பார்வைத் தூரத்தைவிட நீளமாக இருந்தால்தான் செல்லும். 84, 120-ஐவிடக் குறைவு, ஆகவே இன்னொரு சூத்திரத்துக்குப் போக வேண்டும். தூரத்தை இரட்டித்த 240-இல், 5.7-ஐ 0.0333-ஆல் வகுத்து வருகிற 171-ஐக் கழித்தால் 69. சொகுசுக்கான நீளம் 50 மீட்டர் வாக்கில், 80 வேகத்துக்கு விதியின் குறைந்தபட்ச நீளமும் 50. மூன்றில் பெரியது 69, சைட்டுக்கு 70. விடை எழுதின பிறகு எடுத்துக்கொண்ட நிபந்தனைக்கு அது பொருந்துகிறதா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கத்தை அவர் எல்லார் கையிலும் ஏற்றிவிடுகிறார்.

அடுத்து சொல்லப்போவது சைட் ஆட்களுக்காக, மற்றவர்கள் தாண்டிப் போகலாம். ஏன் வட்டவில் போடாமல் பரவளையம் போடுகிறோம் என்ற கேள்விக்கு, சாய்வு சீராக மாறும் என்று புத்தகம் சொல்லும். அவர் அதை லெவல் அட்டவணையில் காட்டினார். 2 சதவீதம் இறங்கி வருகிற சாலை 3 சதவீதம் ஏறப்போகிறது, வளைவு 100 மீட்டர், தொடக்க லெவல் 100.000. இருபது இருபது மீட்டரில் எழுதினால் 99.700, 99.600, 99.700, 100.000, 100.500. அடுத்தடுத்த லெவல்களின் வித்தியாசம் −0.3, −0.1, +0.1, +0.3, +0.5. அந்த வித்தியாசங்களுக்கு இடையே வித்தியாசம் எடுத்தால் எல்லா இடத்திலும் 0.2. பரவளையம் என்றால் இந்த இரண்டாவது வித்தியாசம் மாறவே கூடாது. ஒரு இடத்தில் மாறினால் அந்த லெவலில் தட்டச்சுப் பிழையோ கூட்டல் பிழையோ இருக்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் வந்த அட்டவணையாக இருந்தாலும், மண்ணைச் சமன்படுத்துகிற கிரேடர் ஓட்டுகிறவரிடம் லெவலைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். நான் வேலை பார்க்கிற சைட்டில் மறுநாளே இதைச் செய்துபார்த்தேன், டிசைன் பண்ணித் தந்தவர்கள் அனுப்பிய ஒரு பக்கத்தில் ஒரு செயினேஜில் (சாலையின் தொடக்கத்திலிருந்து அளந்த தூரம்) இலக்கம் இடம் மாறிக் கிடந்தது. இதற்காகவே கட்டணத்தை இரண்டு தடவை கட்டலாம் என்பேன்.

அதே அட்டவணையைப் பாருங்கள், மிகத் தாழ்ந்த லெவல் 40 மீட்டரில் வருகிறது, வளைவின் நடுவான 50-இல் இல்லை. இரண்டு பக்கச் சாய்வும் சமமாக இல்லாவிட்டால் தாழ்ந்த புள்ளி குறைந்த சாய்வுப் பக்கம் நகர்ந்துவிடும். மழைநீர் வாங்குகிற குழியை நடுவில் வைத்துவிட்டு தண்ணீர் பத்து மீட்டர் தள்ளி நிற்கிறதே என்று தலையைச் சொறிவதில் பயனில்லை. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போகிற சப்வேக்களில் மழைக்காலத்தில் பஸ் மாட்டிக்கொள்வதை மதுரையில் பார்க்காதவர் யார்? பம்ப், அடைப்பு, குப்பை என்று காரணம் பல இருக்கலாம், ஆனால் வடிவமைப்பில் நம் கையில் இருக்கிற காரணம் இந்தப் புள்ளி. பள்ளத்தின் அடியில் சாய்வு பூஜ்யம், அதன் இரண்டு பக்கமும் கொஞ்ச தூரத்துக்குச் சாய்வு ரொம்பக் குறைவு, தண்ணீர் தானாக ஓடாது. வளைவை நீளமாகப் போட்டால் ஓட்டுவதற்குச் சுகம், ஆனால் அந்தத் தட்டையான பகுதியும் நீளும். பார்வைக்கு நீளம் கேட்கிறது, வடிகாலுக்குக் குட்டை கேட்கிறது.

என் முதல் குறை இங்கேதான். இவ்வளவு முக்கியமான விஷயத்தை அவர் ஒரு சாயங்காலத்தில், வகுப்பு முடிகிற அவசரத்தில் ஓட்டிவிட்டார். சம்மிட் கர்வுக்கு மேலூர் போனதுபோல இதற்கு ஒரு சப்வேயில் நின்று காட்டியிருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் போய் தண்ணீர் எங்கே நிற்கிறது, குழி எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே போதும். நேரிலும் சொன்னேன், அடுத்த பேட்சில் பார்க்கலாம் என்றார்.

கண்மாய்க்கரைப் பாடத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. கிராமத்துச் சாலைகள் கண்மாய்க்கரை மேல் செங்குத்தாக ஏறி, ஏறின கையோடு கரையை ஒட்டித் திரும்பும். ஏறும்போது ஓட்டுகிறவனுக்கு முன்னால் வானம் மட்டும்தான் தெரியும், சாலை வலது பக்கம் போகிறதா இடது பக்கம் போகிறதா என்று தெரியாது, நேரே போனால் தண்ணீர். உச்சிக்குப் பின்னால் திருப்பத்தை ஒளித்து வைக்கக்கூடாது, திருப்பம் உச்சிக்கு முன்னாலேயே தொடங்கிவிட வேண்டும், சாலை எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பது விதி. பிளானும் (மேலிருந்து பார்க்கிற படம்) ப்ரொஃபைலும் (ஏற்ற இறக்கம் காட்டுகிற படம்) தனித்தனித் தாளில் இருப்பதால் டிசைன் பண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் போகிறார்கள் என்றார். இரண்டு தாளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, திருப்பம் தொடங்கும் செயினேஜையும் உச்சி வரும் செயினேஜையும் சிவப்பு பென்சிலால் இணைத்துப் பார்க்கச் சொன்னார். கூட வந்த ஒரு பெண் பொறியாளர், "சார், ஏற்கெனவே போட்ட ரோடா இருந்தா என்ன பண்றது?" என்று கேட்டார். "திருப்பக் குறியை உச்சிக்கு முன்னாடி வையுங்கம்மா, ஓரத்துல கல் நட்டு வையுங்க, ராத்திரி தெரியிற மாதிரி பட்டை ஒட்டுங்க. ரோட்டை மாத்த முடியாட்டியும் ஓட்டுறவனுக்குத் தகவல் கொடுக்கலாம்" என்றார். வகுப்பில் கேட்டதிலேயே உடனே பயன்படக்கூடிய பதில் இது.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்வேர் பகுதி பலவீனம். இரண்டே கம்ப்யூட்டர், பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம், இன்றைக்கு எல்லா அலுவலகத்திலும் கே மதிப்பு வைத்துத்தான் பேசுகிறார்கள், அதாவது ஒரு சதவீதச் சாய்வு மாற்றத்துக்கு எத்தனை மீட்டர் வளைவு. 120 மீட்டர் பார்வைக்கு அது ஏறக்குறைய 33, 180-க்கு 74. பழைய சூத்திரத்தையே 100-ஆல் வகுத்து எழுதினது, அவ்வளவுதான், ஆனால் அவர் அதைத் தொடவே இல்லை. வேலைக்கு நேர்காணல் போகிறவர்கள் இதைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸ் நோட்ஸில் சில பக்கங்களில் பின்னத்தின் கீழ் எண் மங்கிப்போயிருக்கிறது, வரும்போதே புரட்டிப் பார்த்து மாற்றிக் கேளுங்கள். அறையில் மதிய வெயில் நேராக அடிக்கிறது, ஜன்னல் பக்கம் உட்கார வேண்டாம்.

பாடம் தமிழில்தான், கலைச்சொல் மட்டும் சைட்டில் வழங்குகிறபடி. டிப்ளமோ முடித்தவர்கள், ஏன், ஐ.டி.ஐ. முடித்து சர்வே உதவியாளராக இருக்கிற ஒருவர்கூட எங்களோடு சரிசமமாகக் கணக்குப் போட்டார். கேள்வி கேட்டால் அவர் முகம் சுளிப்பதில்லை, அதே கேள்வியை மறுபடி கேட்டாலும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலத்திலிருந்து வருகிறவர்களுக்காக வகுப்பைக் காலை பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்கிறார்.

சேர நினைக்கிறவர்கள் சைன்டிஃபிக் கால்குலேட்டர் எடுத்துப்போங்கள், செல்போனில் கணக்குப் போட அவர் விடுவதில்லை. கிராஃப் தாள், கடினமான பென்சில், வெளியே கூட்டிப்போகிற நாளுக்குத் தொப்பியும் தண்ணீரும். கையில் நடக்கிற வேலையின் ப்ரொஃபைல் தாள் ஒன்று இருந்தால் அதையும் கொண்டுபோங்கள், கடைசி வகுப்பில் அவரவர் தாளை எடுத்து வைத்து, எந்த வளைவு பார்வைக்குப் போதும், எது போதாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறார்.